நாற்பத்திரண்டு வயசும் இருபத்திரண்டு வருஷமும்

1

ஒரு கல்லூரியில் 'ஆளுமை வளர்ச்சி' என்று கூட்டம் போட்டிருந்தார்கள். விடுதிப் பசங்க கூப்பிட்டதால் நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் கோட்டு போட்ட ஒருத்தர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்து நடந்து பேசினார். "சாட்செல் பேஜ்னு ஒருத்தர். அமெரிக்காவுல பேஸ்பால் ஆடினவர். கருப்பர், பரம ஏழை. பெரிய லீக்குல அவர் முதல் பந்து வீசுறப்ப அவருக்கு என்ன வயசு தெரியுமா? நாப்பத்திரண்டு! அவனவன் ரிட்டையர் ஆகி வீட்டுல உக்காருற வயசு. அவர் வயசப் பாத்தாரா? நிறத்தப் பாத்தாரா? திறமை இருக்கிறவன எவனாலயும் தடுக்க முடியாது தம்பிகளா!"

கைதட்டல் அரங்கத்தைப் பிளந்தது. பசங்க தட்டினாங்க. நானும் தட்டினேன். இந்தக் கட்டுரையை அந்த வெட்கத்திலிருந்துதான் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, முதல் வருஷம் படிக்கிற ஒரு பையன் கேட்டான்: "அண்ணே, அந்தாளு நாப்பத்திரண்டு வயசு வரைக்கும் எங்கண்ணே இருந்தாரு?"

இந்தக் கேள்வி மேடைக்காரருக்கு வரவில்லை. எம்.ஏ. தமிழ் படித்து, இயக்கத்தில் பத்து வருஷம் சுற்றிய எனக்கும் அந்த நேரத்தில் வரவில்லை. சேரியிலிருந்து வந்த பதினெட்டு வயசுப் பையனுக்கு வந்தது. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் பங்காளி என்று வைத்துக்கொள்ளலாம். பந்து வீசுகிறவனுக்கு பிட்சர் என்று பேர். மட்டைக்காரனுக்கும் அவனுக்கும் நடுவில் 60 அடி 6 அங்குலம். தரையில் குத்தாமல் நேராக வீச வேண்டும். ஆட்டமே அவன் கையில்தான் தொடங்கும். அவன் வீசாமல் எதுவும் நடக்காது.

இந்த ஆட்டத்தில் கருப்பர்கள் ஆடக்கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலாவது எழுதியிருந்ததா? பெரிய லீக்குகளின் புத்தகத்தில் இல்லை. 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கருப்பர் டொலீடோ அணிக்காகப் பெரிய லீக்கில் ஆடியிருக்கிறார். 1887இல் அதற்கு அடுத்த படியிலிருந்த இன்டர்நேஷனல் லீக்கின் முதலாளிகள் கூடி, இனிமேல் கருப்பர்களோடு புதிதாக ஒப்பந்தம் போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். பெரிய லீக்குக்காரர்கள் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை. ஒருத்தருக்கொருத்தர் தலையை ஆட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 'கனவான்களின் ஒப்பந்தம்' என்று அதற்குப் பேர். 1947 வரைக்கும் ஒரு கருப்பரும் உள்ளே நுழைய முடியவில்லை. அறுபது வருஷத்துக்கு மேல்!

1920 முதல் 1944இல் சாகும் வரை பேஸ்பாலுக்குத் தலைமை ஆணையராக இருந்தவர் லாண்டிஸ். நீதிபதியாக இருந்தவர். 1942இல் இதைப் பற்றிக் கேள்வி எழுந்தபோது, கருப்பர்களைச் சேர்க்கக் கூடாதென்று எந்த விதியும் கிடையாது, எழுதினதும் கிடையாது, எழுதாததும் கிடையாது என்று அறிவித்தார். படிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம்ம ஊர்ல இதக் கேக்காத காதா? 'எங்க ஊர்ல சாதியெல்லாம் யாருங்க பாக்குறா?' டீக்கடையில் தனிக் குவளைக்கு அரசாணையா இருக்கிறது? தேர் சேரிப்பக்கம் வராததற்கு எந்தக் கெஜட்டில் அறிவிப்பு வந்தது? எழுதின சட்டத்தைக் கோர்ட்டில் கிழிக்கலாம். எழுதாத சட்டத்தை எங்கே போய்க் கிழிப்பது?

3

1906 ஜூலை 7, அலபாமா மாநிலம் மொபைல் நகரம். லெராய் பேஜ் அங்கே பிறந்தான். சின்ன வயசிலேயே ரயிலடியில் பயணிகளின் பெட்டி தூக்கினான். ஒரு பெட்டிக்குப் பத்து சென்ட். ஒரு கம்பில் கயிறு கட்டி ஒரே நேரத்தில் நாலைந்து பெட்டியைத் தொங்கவிட்டுத் தூக்க, கூட இருந்தவர்கள் 'சாட்செல்' என்று கூப்பிட்டார்கள். சாட்செல் என்றால் பெட்டி, பை. கூலிக்காரப் பிள்ளையின் சுமை அவனுக்குப் பேராகிவிட்டது.

பன்னிரண்டு வயசில் கடையில் சில்லறைப் பொருளைத் திருடிவிட்டான், பள்ளிக்கூடம் போகவில்லை என்று 1918இல் பிடித்து, மவுன்ட் மெய்க்ஸில் இருந்த கருப்புச் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் போட்டார்கள். வெளியே விட்டது 1923 டிசம்பரில். ஐந்தரை வருஷம்! ஒழுங்காகப் பந்து வீசக் கற்றுக்கொண்டது அங்கேதான். மேடைக்காரர் இதையும் விடவில்லை. "ஜெயிலே அவருக்குக் கோயிலாச்சு" என்றார். அங்கே போனதால்தான் பந்து வீசக் கற்றேன் என்று பேஜ் பின்னால் சொன்னார். சொல்லலாம், அது அவர் வாழ்க்கை. ஆனால் சில்லறைத் திருட்டுக்கு ஐந்தரை வருஷம் உள்ளே தள்ளினவர்களுக்கு அந்தப் பெருமையில் பங்கு எழுதித் தர நாம் யார்?

1926இல் சட்டனூகா நகரத்துக் கருப்பர் அணியில் சம்பளத்துக்கு ஆடத் தொடங்கினார். அப்போது வயது இருபது. இந்த வருஷத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பெர்மிங்ஹாம், பிட்ஸ்பர்க் என்று அடுத்தடுத்து அணிகள். இவையெல்லாம் 'நீக்ரோ லீக்' என்று அன்றைக்கு அழைக்கப்பட்ட, கருப்பர்களின் லீக் அணிகள். வெள்ளையர் கதவை அடைத்ததும் கருப்பர்கள் அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1920இல் ரூப் ஃபாஸ்டர் - அவரும் பிட்சர்தான் - மற்ற அணிக்காரர்களைக் கன்சாஸ் நகரத்தில் கூட்டி, தங்களுக்கென்று ஒரு லீக்கையே உண்டாக்கினார். பல ஊர்களில் மைதானம் மட்டும் வெள்ளை முதலாளியுடையது. அவன் அணி வெளியூர் போயிருக்கும்போது வாடகை கொடுத்து ஆட வேண்டும். வாடகைப் பணத்துக்குத் தீட்டு இல்லை. உடை மாற்றுகிற அறைக்குத் தீட்டு உண்டு. பல மைதானங்களில் அதைத் திறந்துவிட மாட்டார்கள்.

லீக் ஆட்டத்தில் வருகிற காசு வயித்துக்குப் பத்தாது. அதனால் ஊர் ஊராகப் போய் ஆடுவார்கள். ஒரே நாளில் இரண்டு ஊர், மூன்று ஊர். பஸ்ஸிலேயே தூக்கம். சாப்பாட்டுக் கடையின் பின்வாசலில் பொட்டலம். 1933இல் வடக்கே பிஸ்மார்க் என்ற ஊரில் கருப்பரும் வெள்ளையரும் சேர்ந்தாடிய ஓர் அணி பேஜை அழைத்துக்கொண்டது. ஊரே அவர் பந்துக்குக் கைதட்டியது. வீடு கேட்டால் மட்டும் கொடுக்க ஆளில்லை. 1935இல் மனைவியோடு திரும்பப் போனபோது, பழைய ரயில் பெட்டியில் குடியிருக்க வேண்டியதாயிற்று. ரயிலடியில் பெட்டி தூக்கின பையன் வளர்ந்து நட்சத்திரமாகி ரயில் பெட்டியிலேயே குடியிருந்தான்!

1937இல் டொமினிகன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹியோவின் பேரால் அமைந்த தலைநகரத்து அணிக்குப் போய் ஆடினார். சுற்றிலும் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றதைப் பின்னால் கதைகதையாகச் சொல்வார். அடுத்த வருஷம் மெக்ஸிகோ. அங்கே கை போயிற்று. தோளைத் தூக்க முடியவில்லை. இனி அவ்வளவுதான் என்று எல்லோரும் கைவிட்டபோது, கன்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் முதலாளி, பேரைப் போட்டுக் கூட்டம் சேர்க்கலாம் என்று தன் இரண்டாம் அணியில் வைத்துக்கொண்டார். கை திரும்பி வந்தது. 1942இல் நீக்ரோ லீக்குகளின் உலகத் தொடரில் மோனார்க்ஸ் ஹோம்ஸ்டெட் கிரேஸை நான்குக்கு நான்கு ஜெயித்தது. எதிர் அணியில் ஜோஷ் கிப்சன் இருந்தார், அந்தக் காலத்து மட்டைக்காரர்களில் யானை மாதிரி ஆள்.

பேஜை உத்தமராக்குவது என் நோக்கமில்லை. கையெழுத்துப் போட்ட அணியை விட்டுவிட்டு அதிகக் காசு கொடுக்கிறவனிடம் ஓடியிருக்கிறார். அதனால் அடிபட்டவர்கள் கருப்பு அணிகளும் சக ஆட்டக்காரர்களும்தான். கருப்புப் பத்திரிகைகளே திட்டியிருக்கின்றன. இதையும் சொல்லத்தான் வேண்டும். நம் ஆட்களைத் தெய்வமாக்கித்தான் பேச வேண்டுமென்றால், மனுஷனாக இருப்பதற்கே நமக்கு உரிமையில்லை என்று ஆகிவிடும்.

4

இனி விஷயத்துக்கு வருகிறேன். பேஜின் திறமை வெள்ளையருக்குத் தெரியாமலா இருந்தது? நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் அக்டோபரில் பெரிய லீக் முடிந்ததும் வெள்ளை நட்சத்திரங்கள் கருப்பர் அணிகளோடு காட்சி ஆட்டம் ஆடி வசூல் பண்ணுவார்கள். டிஸ்ஸி டீன் இவரோடு மோதிவிட்டு, இவரைப் போல ஒரு பிட்சர் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஜோ டிமாஜியோ 1936 தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் இவர் பந்தைச் சந்தித்தார்; தான் சந்தித்ததிலேயே சிறந்த பிட்சர் இவர்தான் என்றார். பாப் ஃபெல்லர் 1946இல் விமானம் அமர்த்தி ஊர் ஊராக இவரோடு ஆடினார்.

அதே மைதானம், அதே பந்து. அக்டோபரில் தீட்டு இல்லை. ஏப்ரலில் லீக் தொடங்கினால் தீட்டு. நாத்து நடும்போது இல்லாத தீட்டு நடுவீட்டுக்குப் போனால் வருகிறதே, அந்தக் கணக்குத்தான் இது.

ஆக, 'திறமை இருந்தால் தடுக்க முடியாது' என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். திறமை இருந்தது. தடுக்கிறவனுக்கே அது தெரிந்திருந்தது. இருந்தும் தடுத்தான். திறமைக்குக் கதவைத் திறக்கிற சக்தி கிடையாது. சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இட ஒதுக்கீடு என்றதும் 'மெரிட் போச்சே' என்று மார்பில் அடித்துக்கொள்கிறவர்கள் இந்த அறுபது வருஷ அமெரிக்கப் பேஸ்பாலைக் கொஞ்சம் படிக்கட்டும். நூற்றுக்கு நூறு வெள்ளையருக்கே ஒதுக்கீடு. அதற்கு அப்போது பேர் 'மெரிட்'.

1945இல் கதவு கொஞ்சம் திறந்தது. புரூக்ளின் டாட்ஜர்ஸின் பிராஞ்ச் ரிக்கி தேர்ந்தெடுத்தது ஜாக்கி ராபின்சனை. கல்லூரி வரை போனவர், ராணுவத்தில் அதிகாரியாக இருந்தவர். திட்டினாலும் துப்பினாலும் திருப்பி அடிக்கக்கூடாது என்று அவரிடம் உறுதி வாங்கினார்கள். ராபின்சன் பட்டது கொஞ்சநஞ்சமில்லை. அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு நாக்கு எழாது. ஆனால் கவனியுங்கள். ரயிலடிக் கூலி, சீர்திருத்தப் பள்ளி, வாய்த்துடுக்கு, நாற்பதை நெருங்கும் வயசு, இதெல்லாம் முதல் ஆளுக்கு ஆகாது. 'அவங்கள்லயே கொஞ்சம் டீசன்டா ஒருத்தன்' வேண்டும். நம்மிலும் இப்படிப் பொறுக்கி எடுக்கிறார்களா இல்லையா? பேஜ் பொதுவில் ராபின்சனை வாழ்த்தினார். உள்ளே வலித்தது என்று 1962இல் வந்த தன் வரலாற்றில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ராபின்சனை எடுத்துக்கொண்ட ரிக்கி, அவர் ஆடிக்கொண்டிருந்த மோனார்க்ஸுக்கு ஒரு பைசா நஷ்டஈடு தரவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போக, கருப்பர்கள் கட்டிய லீக் சரிந்தது. பெரிய லீக்கில் கருப்பர் ஒருவர் அணிக்கு மேனேஜராக 1975 ஆயிற்று. உள்ளே விட்டார்கள், அதிகாரத்தை விடவில்லை. ஜோஷ் கிப்சனோ 1947 ஜனவரியில், முப்பத்தைந்து வயதில் செத்துப்போனார். மூன்று மாசம் கழித்து ராபின்சன் புரூக்ளின் மைதானத்தில் இறங்கினார். அந்த மேடையில் கிப்சனின் பேர் வரவில்லை, ஏன்? அந்தக் கதையில் 'முயற்சி திருவினையாக்கும்' என்று முடிக்க முடியாதே!

1948 ஜூலை 7. பேஜின் நாற்பத்திரண்டாவது பிறந்த நாள். கிளீவ்லாண்ட் அணி முதலாளி பில் வீக் ஒப்பந்தம் போட்டார். பேஸ்பாலின் வேதப் புத்தகம் மாதிரி இருந்த 'ஸ்போர்ட்டிங் நியூஸ்' ஆசிரியர் ஸ்பிங்க், இது வெறும் விளம்பரம், வெள்ளையனாக இருந்தால் இந்த வயசில் இவனை யார் சீந்துவார்கள் என்று எழுதினார். வெள்ளையனாக இருந்திருந்தால் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னாலேயே வந்திருப்பான் என்று வீக் திருப்பிக் கொடுத்தார். முதலாளிதான், கூட்டம் சேர்க்கிறவர்தான். இருந்தும் கணக்கைச் சரியாகச் சொன்னார்.

கூட்டம் சேர்ந்ததா? ஆகஸ்ட் 3ஆம் தேதி 72,434 பேர். ஆகஸ்ட் 20ஆம் தேதி 78,382 பேர். அந்தப் பருவத்தில் ஆறு வெற்றி, ஒரே தோல்வி. கிளீவ்லாண்ட் உலகத் தொடரை வென்றது. அதில் பந்து வீசிய முதல் கருப்பர் பேஜ். வீசக் கிடைத்தது இரண்டே இரண்டு ஆட்டக்காரர்களை வெளியேற்றும் அளவு நேரம். வீசப்போகிற கையை நடுவில் ஒரு கணம் நிறுத்தி, மட்டைக்காரன் ஏமாந்த பிறகு வீசுகிற ஒரு வித்தை அவரிடம் இருந்தது. அமெரிக்கன் லீக் தலைவர் அது செல்லாது என்று அறிவித்துவிட்டார். பாருங்கள், கருப்பன் உள்ளே வரக்கூடாது என்பதற்கு விதி எழுத அறுபது வருஷமாக ஒருத்தரும் இல்லை. வந்தவன் வித்தையைத் தடுக்க வந்த வருஷமே ஆள் கிடைத்துவிட்டது.

1952இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக, நாற்பத்தாறு வயசில், பன்னிரண்டு ஆட்டங்களை ஜெயித்தார். 1965இல் கன்சாஸ் சிட்டி அணி முதலாளி ஐம்பத்தொன்பது வயசுக் கிழவரைக் கூப்பிட்டு, மைதானத்தோரம் ஆடும் நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் நர்ஸ் ஒருத்தியை நிறுத்திக் கூத்துக் காட்டினான். ஜனம் சிரித்தது. கிழவர் எழுந்து போய் மூன்று இன்னிங்ஸ் வீசினார். பாஸ்டன்காரர்களுக்குக் கிடைத்தது ஒரே ஓர் அடி. ஓட்டம் ஒன்றுகூட இல்லை. ஓய்வூதியத்துக்கோ இன்னும் 158 நாள் குறைந்தது. அதை நிரப்ப 1968இல் அட்லாண்டா அணி பேரைச் சேர்த்துக்கொண்டது. நாற்பது வருஷம் வீசினவனுக்கு நாள் கணக்கில் சர்வீஸ் குறைகிறதாம்!

5

1971. கூப்பர்ஸ்டவுன் புகழ்மண்டபம். பேஜைச் சேர்க்கிறோம் என்று அறிவித்தார்கள். எங்கே? நீக்ரோ லீக் ஆட்களுக்கென்று தனியாக ஓரிடத்தில். காரணமும் வைத்திருந்தார்கள். பெரிய லீக்கில் பத்து வருஷம் ஆடியிருக்க வேண்டுமாம். கதவை அடைத்தவனே 'நீ ஏன் உள்ளே பத்து வருஷம் இல்லை?' என்று கேட்கிறான். இரண்டாந்தரக் குடிமகனாக இருந்த என்னை இரண்டாந்தர அமரனாக்கிவிட்டார்கள் என்று பேஜ் கேலி செய்தார். எதிர்ப்பு கிளம்பியதும் முடிவை மாற்றி, ஆகஸ்டில் மற்றவர்களோடு சமமாகவே சேர்த்தார்கள். இரட்டைக் குவளை டீக்கடையோடு நின்றுவிடுவதில்லை. மரியாதை செய்கிற இடத்திலும் அது வரும்.

இதைப் படிக்கையில் எனக்குப் பல்வங்கர் பாலு நினைவுக்கு வந்தார். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் ஆடுகளம் உருட்டி, துரைமாருக்கு மணிக்கணக்கில் பந்து போட்ட தலித். இந்து அணிக்கு அவர் பந்து வேண்டும், விக்கெட் வேண்டும். தேநீர் மட்டும் வெளியே மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்துத் திரும்பினார். இந்து அணியின் தலைவர் பதவி அவருக்குக் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. இவரும் பந்து வீசினவர், அவரும் பந்து வீசினவர். மராட்டிய இளைஞர்கள் 1972இல் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத் தங்களுக்கு தலித் பேந்தர் என்று பேர் வைத்துக்கொண்டது வெறும் பேர் மோகத்தால் இல்லை.

6

கடைசியாக ஒரு வாதம் வரும். 'சரிங்க, அவர் பெரிய ஆள்தான். ஆதாரம் எங்கே?' அமெரிக்கன் லீக் ஏட்டில் பேஜுக்கு இருந்தது 28 வெற்றி, 31 தோல்வி. இரண்டாயிரத்துக்கு மேல் ஜெயித்தேன் என்று அவர் சொல்லிக்கொண்டதைக் கட்டுக்கதை என்று சிரித்தார்கள். அவர் கூட்டித்தான் சொல்லியிருப்பார். ஏடு எழுதுகிறவன் உன் ஆட்டத்தை எழுத மறுத்தால், நீ வாயால்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். அப்புறம் அவனே வந்து, 'வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு?' என்பான். நம் கிழவிகள் சொன்ன கதைக்கெல்லாம் இதே வரவேற்புத்தானே கிடைத்தது?

பேஜ் 1982இல் இறந்தார். 2020 டிசம்பரில்தான், 1920 முதல் 1948 வரையான ஏழு நீக்ரோ லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று பேஸ்பால் நிர்வாகம் ஒப்புக்கொண்டது. 2024 மே மாதம் அந்தக் கணக்குகளை அதிகாரபூர்வ ஏட்டில் சேர்த்தார்கள். வாழ்நாள் மட்டைச் சராசரியில் டை காபைத் தாண்டி ஜோஷ் கிப்சன் முதலிடத்துக்கு வந்தார். உடனே முனகல் தொடங்கியது: 'அவங்க சீசன்ல ஆட்டம் கம்மி, எப்படி ஒப்பிடறது?' ஏன் கம்மி? லீக் காசு பத்தாமல் ஊர் ஊராய்ப் போய் ஆடினார்கள் அல்லவா, அந்த ஆட்டமெல்லாம் கணக்கில் இல்லை. பேஜின் கையில் பாதிக்கு மேல் தேய்ந்தது அங்கேதான்.

அந்தக் கணக்கு எங்கிருந்து கிடைத்தது? வெள்ளைப் பத்திரிகைகள் சீந்தாத காலத்தில் 'பிட்ஸ்பர்க் கூரியர்', 'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கருப்புப் பத்திரிகைகள் வாராவாரம் ஆட்ட விவரத்தைப் பொடி எழுத்தில் அச்சிட்டு வைத்தன. என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்று தெரிந்தா போட்டார்கள்? தங்கள் சனங்களுக்காகப் போட்டார்கள். ஆய்வாளர்கள் அந்தப் பழைய தாள்களைப் புரட்டிப் புரட்டித்தான் ஒவ்வொரு வெற்றியாக மீட்டார்கள். சின்னப் பத்திரிகை நடத்துகிற நமக்கும், 'சொந்தக் கதையை எழுதி என்னத்தக் கண்டோம்' என்று சலித்துக்கொள்கிற தோழர்களுக்கும் இதைவிட வேறென்ன சொல்ல வேண்டும்?

தம்பி, நீ கேட்டதற்கு இதுதான் பதில். நாப்பத்திரண்டு வயசு வரைக்கும் அவர் எங்கேயும் போகவில்லை. இருபது வயசிலிருந்து கதவுக்கு வெளியே நின்று பந்து வீசிக்கொண்டேதான் இருந்தார். நாப்பத்திரண்டிலிருந்து இருபதைக் கழி. இருபத்திரண்டு வருஷம். அதை அவர் தொலைக்கவில்லை, அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தடவை எவனாவது கோட்டு போட்டுக்கொண்டு வந்து பேஜின் வயசைச் சொல்லிக் கைதட்டச் சொன்னால், கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, கூட்டத்துக்கு நடுவில் இந்தக் கழித்தல் கணக்கைக் கேள். நானும் வருகிறேன். இந்தத் தடவை தட்ட மாட்டேன்.